பதினோராவது பின்

இங்க யாரும் உக்காந்திருக்காங்களா தங்கச்சி? இல்லையா? அப்ப பையைக் கொஞ்சம் நகத்துங்க. மெதுவாத்தான் உக்காருவேன் நான். குனியக் கூடாது, திரும்பக் கூடாது. கழுத்து வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. மடிப்புக் கலைஞ்சுரும்.

நீங்க வயித்து ஸ்கேனுக்கா? கையில தண்ணி பாட்டிலு இருக்கே, அதான் கேட்டேன். முட்ட முட்டக் குடிக்கச் சொல்லியிருப்பாங்க. ஸ்கேன் டாக்டரு வர பதினொரு மணி ஆகும்னு கவுண்டர்ல இருக்கிற புள்ள சொல்லுச்சு. அதுவரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கணும்னா பெரிய கொடுமைதான். கவலைப்படாதீங்க, பேச்சுத் துணைக்கு நான் இருக்கேன்.

எனக்கு எக்ஸ்ரே. நெஞ்சுக்கும் வயித்துக்கும். காலையில ஒரு பின்னை முழுங்கிட்டேன். முழுங்கினேனா இல்லையான்னு தெரியல, அதைப் பாக்கத்தான் வந்திருக்கு. இந்தா, இதே மாதிரிப் பின்னுதான். தலையில முத்து வச்சிருக்கு பாருங்க. ஹிஜாபுக்குக் குத்துறது. நீளம் ஒண்ணரை இஞ்சு.

சிரிக்காதீங்க, தண்ணி குடிச்சிருக்கீங்க.

உடனே படம் எடுத்துக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எக்ஸ்ரே எடுக்கணும்னா தலையில இருக்கிறதைக் கழட்டணுமாம். பின்னெல்லாம் இரும்பு, அதுவும் படத்துல விழும், உள்ள இருக்கிறது எது வெளிய இருக்கிறது எதுன்னு தெரியாதுன்னு எக்ஸ்ரே எடுக்கிற தம்பி சொல்லுச்சு. நான் முடியாதுன்னுட்டேன். உடனே அந்தத் தம்பி முகமே மாறிப் போச்சு. "மன்னிச்சுக்கங்கம்மா, நான் வெளிய போயிடறேன், லேடி ஸ்டாஃப் எடுப்பாங்க"ன்னு ஒரு புள்ளையைக் கூட்டிட்டு வந்துச்சு. அப்பவும் முடியாதுன்னேன். கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் பச்சைத் துணி கட்டுனாங்க. அப்பவும் முடியாதுன்னேன். கடைசியில பெரிய டாக்டரே எந்திரிச்சு வந்து, "உங்க நம்பிக்கையை நாங்க மதிக்கிறோம்மா, யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா ரொம்ப நேரம் தள்ளாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

நல்ல மனுசங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. பொம்பளைப் புள்ள முன்னால கழட்டுறதுக்கு எங்க மார்க்கத்துல ஒரு தடையும் கிடையாது. மூணு மணி நேரமா நின்னு கட்டுனது சார், கழட்டுனா திரும்ப வராது, அதான் மாட்டேங்கிறேன்னு அவருகிட்ட எப்படிச் சொல்றது? தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். முழுசாக் குனியல.

இன்னைக்கு என் மகளுக்குப் பூ வைக்க வர்றாங்க தங்கச்சி. பதினொன்றரைக்கு. மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க பதினஞ்சு பேரு, பழனியில இருந்து வேன் எடுத்துக்கிட்டு வர்றாங்க. பொண்ணு தலையில பூ வச்சு, வாயில சீனியைப் போட்டு, இவ எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்ற நாளு. அன்னைக்குப் பொண்ணுக்குப் பக்கத்துல ஒருத்தி நிக்கணும். வர்றவங்களுக்கு சலாம் சொல்லிக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி உக்கார வைக்கணும். யாரு நிக்கணும்? பெத்தவதானே நிக்கணும்? உங்க பக்கமும் அப்படித்தானே?

என் மக என்ன சொன்னா தெரியுமா? "சின்னம்மா, அன்னைக்கு என் பக்கத்துல நீங்க நில்லுங்க. அம்மா வேணாம்." இந்தக் காதால கேட்டேன். அடுப்படியில வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தேன். கண்ணுல தண்ணி வந்ததுக்கு வெங்காயம்னு சொல்லிக்கிட்டேன்.

சின்னம்மான்னா யாரு? என் கொழுந்தன் பொண்டாட்டி ரிஸ்வானா. எங்க வீட்டு மாடியில குடியிருக்கா. அங்கிட்டு, ஃபேனுக்குக் கீழ, இளநீலத்துல ஒருத்தி போன் பேசிக்கிட்டு இருக்கா பாருங்க. அய்யோ, இப்படித் திரும்பிப் பாக்காதீங்க! அவதான். அவதான் என்னை ஸ்கூட்டியில வச்சுக் கூட்டிட்டு வந்தா. மாடியில ஹிஜாப் கட்டச் சொல்லிக் குடுக்கிற வகுப்பு நடத்துறா. காலேஜ் புள்ளைங்க இருபது பேரு வருது. துணியைத் தலையில போட்டுக்க ஒரு வகுப்பு! நான் ஒண்ணும் பொறாமையில சொல்லல. எனக்குப் பொறாமையே கிடையாது. அவ முகத்துக்கு எது போட்டாலும் எடுக்குது, அது அவ தப்பா?

மாப்பிள்ளையோட அம்மா மொதல்ல பொண்ணு பாக்க வந்தாங்கள்ல, அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். நான் சேலை முந்தானையைத் தலையில போட்டிருந்தேன். அது ஒரு இடத்துல நிக்காது, நானும் ஒரு இடத்துல நிக்க மாட்டேன். ஆனா வந்தவங்களை ஒரு குறை இல்லாமக் கவனிச்சேன் தங்கச்சி. பேச்சுல நான் குறையே வைக்கிறதில்ல. என் மக ஹப்ஸா நாலு தடவை லைசென்ஸ் டெஸ்டுல ஃபெயிலானதையும், அஞ்சாவது தடவை டீக்கடைச் சீனி டப்பாவை இடிச்சதையும் சொன்னேன். கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. பத்தாவது படிக்கும்போது தலையெல்லாம் பேனு, நான்தான் வேப்பெண்ணெய் வச்சு விரட்டுனேன்னு சொன்னேன். தூங்கும்போது கொறட்டை விடுவா, அப்புறம் நீங்க பயந்துரக் கூடாதுன்னு அதையும் சொல்லி வச்சேன். மறைச்சு வச்சுக் கட்டிக் குடுத்தா நாளைக்குப் பாவமில்லையா? மாப்பிள்ளை போட்டோவைக் காட்டுனாங்க. முன்னந்தலை கொஞ்சம் ஏறியிருந்துச்சு. "உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு வழுக்கை உண்டா? கருஞ்சீரக எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்க"ன்னேன். அக்கறையிலதான் சொன்னேன். அந்தம்மா உடனே தண்ணி கேட்டாங்க.

அப்ப ரிஸ்வானா மாடியில இருந்து இறங்கி வந்தா. பிஸ்தா பச்சையில ஹிஜாப். கட்டியிருந்தா பாருங்க, ஒரு சுருக்கம் கிடையாது. "அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இருக்கீங்களா? டீ சாப்பிடுங்க." அம்புட்டுத்தான் பேசுனா. அதுக்கப்புறம் வாயே திறக்கல. ஆனா எல்லாரும் அவளைத்தான் பாத்தாங்க. போகும்போது அந்தம்மா அவ கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் போனாங்க. மறுநாளு என் மக அப்படிச் சொல்றா. அப்ப என்ன அர்த்தம்? எல்லாம் அந்த ஹிஜாபு செஞ்ச வேலை. நான் பழைய பாணியில முந்தானையைப் போட்டுக்கிட்டு நின்னா என் மகளுக்குக் கேவலமா இருக்கு. வேற என்ன காரணம் இருக்க முடியும்?

சரிடி, ஒரு துணிதானே, நானும் கத்துக்கிறேன்னு அன்னைக்கே முடிவு பண்ணேன். நாப்பது நாளு இருந்துச்சு.

ரிஸ்வானாகிட்டப் போயிக் கத்துக்கவா? என் மானம் என்னாகிறது? கடைக்குப் போனேன். வெளிய போறதுன்னா எனக்கு இருபத்தாறு வருசமாக் கறுப்பு புர்காதான், பின்னால நாடா கட்டுற பழைய மாடலு, அரை நிமிஷ வேலை. கடைக்காரப் பையன் என்னைப் பாத்து, "உங்களுக்கு வட்ட முகமாக்கா, நீள முகமா?"ன்னு கேக்குறான். எங்க வீட்டுக்காரரே இத்தனை வருசத்துல கேட்டதில்ல. இந்தா, இந்தக் கலருக்குப் பேரு டஸ்டி ரோஸாம். அழுக்குப் பட்ட ரோசாப்பூன்னு நினைச்சுக்கிட்டேன். ஜார்ஜெட்டு. இதோட உள்ளுக்குப் போட ஒரு குல்லா, ஒரு வட்டத்துல நாப்பது முத்துப் பின்னு.

போன்ல ஒரு வீடியோ இருக்கு. ஒரு சின்னப் புள்ள சொல்லிக் குடுக்குது. மூணே ஸ்டெப், ரெண்டே நிமிஷமாம். ஒரு பக்கம் நீளமா விடுங்க, ஒரு பக்கம் குட்டையா விடுங்க, தாடைக்குக் கீழ பின் பண்ணுங்க, நீளப் பக்கத்தைத் தலையைச் சுத்திக் கொண்டு வாங்க, முடிஞ்சுச்சு. எங்க முடிஞ்சுச்சு? எனக்கு ஜார்ஜெட்டு வழுக்கிக்கிட்டே போகுது. இந்தக் காதை உள்ள தள்ளுனா அந்தக் காது வெளிய வருது. மொதல் நாளு எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, "பல்லு வலியா மைமூனு? டாக்டர்கிட்டப் போவமா?"ன்னாரு. ரெண்டாவது நாளு, "என்கிட்டச் சொல்லாம ஹஜ்ஜுக்குக் கிளம்பிட்டியா?"ன்னாரு. மூணாவது நாளு ஒண்ணும் சொல்லல. பயந்துட்டாரு.

அதுலயும் ஒரு கூத்து. வீடியோவுல அந்தப் புள்ள வலது கையைத் தூக்குனா, நான் கண்ணாடியைப் பாத்துக்கிட்டு இடது கையைத் தூக்குறேன். பதினாலு நாளு நான் எல்லாத்தையும் மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டு இருந்திருக்கேன். பதினஞ்சாவது நாளுதான் கண்டுபுடிச்சேன். அந்தக் குல்லா வேற காதை இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. குக்கரு விசிலு கேக்கல. பருப்புக்கு ஒம்பது விசிலு போயிருச்சு. அன்னைக்குக் குழம்பைக் கரண்டியால வெட்டித்தான் எடுத்தோம்.

எங்க வீட்டுக்காரரு மட்டும் சந்தோசமா இருந்தாரு. ஏன்னு கேளுங்க. பின்னை எங்க வைக்கிறது? ரெண்டு கையும் துணியில இருக்கு. வாயிலதான் வைக்கணும். பதினொரு பின்னு. அதை வாயில வச்சுக்கிட்டு எப்படிப் பேசுறது? "தினமும் இந்த ஒரு மணி நேரம் வீடு பள்ளிவாசல் மாதிரி இருக்கு"ன்னு அவரு யாருகிட்டயோ போன்ல சொல்லிக்கிட்டு இருந்தாரு. வீட்டுல எங்க போயிச் சத்தம் வருது? நாங்க மூணே பேரு. அவரும் பேச மாட்டாரு, ஹப்ஸாவும் பேச மாட்டா.

ஒருநாளு ரிஸ்வானா மாவு குடுக்க வந்தவ பாத்துட்டா. சிரிக்கல, அதையும் சொல்லணும். "அக்கா, மொதல்ல பருத்தித் துணியில ஆரம்பிங்க, வழுக்காது. ஜார்ஜெட்டு அப்புறம் பாத்துக்கலாம்"னா. வேணாம்னேன். "பின்னு எதுக்குக்கா, காந்தம் இருக்கு, ரெண்டு தர்றேன்"னா. வேணாம்னேன். "சரி, பின்னை மட்டும் வாயில வைக்காதீங்கக்கா. என் வகுப்புல மொத பாடமே அதுதான்"னா. அதுவரைக்கும் ஆறு பின்னுதான் வாயில வச்சுக்கிட்டு இருந்தேன், மிச்சம் மேசையில இருக்கும். அன்னையில இருந்து பதினொண்ணையும் வாயில வச்சேன். என் வாய், என் பின்னு, இவளுக்கு என்ன?

எங்க வீட்டுக்காரரு ஒரு கேள்வி கேட்டாரு. "ஏன்டி, வர்றது பூராம் பொம்பளைங்க. உள்ள வந்ததும் அவங்களே கழட்டி வச்சுட்டு உக்காருவாங்க. நீ எதுக்கு வீட்டுக்குள்ள கட்டிக்கிட்டு நிக்கிற?" நியாயமான கேள்விதான். ஹிஜாபுங்கிறது அடக்கத்துக்குன்னு எனக்குத் தெரியாதா? அடக்கமாத்தான் கட்டப் போறேன். எல்லாரும் திரும்பிப் பாக்கிற மாதிரி அடக்கமா.

சிரிக்காதீங்கன்னு சொல்றேன்ல. அந்தப் பக்கம் சாஞ்சு உக்காருங்க, சரியாப் போகும்.

இன்னைக்குக் காலையில ஃபஜ்ரு தொழுதுட்டு பிஸ்மில்லான்னு ஆரம்பிச்சேன். அஞ்சரை மணி. எத்தனை தடவை அவுத்துக் கட்டுனேன்னு எனக்கே தெரியாது. எட்டரைக்கு வந்துருச்சு தங்கச்சி! நாப்பது நாள்ல மொத தடவையா வந்துருச்சு. நெத்தியில ஒரு சுருக்கம் இல்ல. காது ரெண்டும் உள்ள. கழுத்துல மூணு மடிப்பு, அளந்து வச்ச மாதிரி. கண்ணாடியைப் பாத்தேன். நாப்பத்தெட்டு வயசுல என்னை நானே அப்படிப் பாத்ததில்ல. நான் நினைச்சா நானும் என் மகளுக்குப் பக்கத்துல நிக்கலாம்னு தோணுச்சு. கண்ணு கலங்கிப் போச்சு. வாயில இன்னும் நாலு பின்னு பாக்கி.

அப்ப பாத்து வெளிய ஹால்ல ஹப்ஸா குரலு. "அம்மா ரெடியா?" அதுக்கு ரிஸ்வானா, "அக்காவுக்கு நேரமாகும் போல. பரவாயில்ல, நான் நிக்கிறேன்"கிறா. எப்படி இருக்கும் எனக்கு? "ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"னு உள்ள இருந்தே ஒரு சத்தம் போட்டேன். போட்டுட்டுக் கையில துப்புறேன், மூணு பின்னுதான் வருது.

அட அல்லாவே! தரையெல்லாம் தேடுனேன். கட்டிலுக்கு அடியில தேடுனேன், மடிப்புக் கலையாமத்தான். இல்லவே இல்ல. தொண்டையில குத்துற மாதிரி இருக்கு. குத்தாத மாதிரியும் இருக்கு. எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. வாழைப்பழம் சாப்பிட்டா ஊசி அதுல சுத்திக்கிட்டு இறங்கிரும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. விசேஷத்துக்கு வாங்கி வச்ச பழத்துல ஆறைத் தின்னேன். எங்க வீட்டுக்காரருக்குப் பெயிண்டு, ஆணியெல்லாம் விக்கிற கடை. கடைக்கு ஓடிப் போயி, கீழ கொட்டுன ஆணியைப் பொறுக்குற காந்தம் ஒண்ணு, கைக்கடக்கமா இருக்கும், அதை எடுத்துட்டு வந்து என் வயித்துல வச்சு இப்படி அப்படின்னு நகத்துறாரு. "இழுக்குதா மைமூனு? இழுக்குதா?"ங்கிறாரு. அது கழுத்துப் பக்கம் வந்ததும் வெளிய குத்தியிருந்த பின்னைப் புடிச்சுக்கிட்டு மடிப்பை இழுக்குது. நான் போட்ட சத்தத்துல காந்தத்தைக் கீழ போட்டுட்டாரு.

ரிஸ்வானாதான் ஸ்கூட்டி சாவியை எடுத்தா.

இதுதான் கதை. இப்ப மணி என்ன? பத்தே காலா? சரி, நீங்களே சொல்லுங்க. இப்பக் கழட்டுனா மறுபடி கட்ட மூணு மணி நேரம். அவங்க பூ வச்சுட்டுப் பழனிக்கே போய்ச் சேந்துருவாங்க. கழட்டாட்டி, ஊசி எங்க இருக்குன்னு தெரியாது. வயித்துல இருந்தா சரி, நுரையீரல் பக்கம் போயிருந்தா ஆபத்துன்னு டாக்டரு சொல்றாரு. நான் என்ன நினைக்கிறேன்னா, உள்ள போனது போயிருச்சு, எங்க ஓடிரப் போகுது? இன்னைக்கு விசேஷம் முடியட்டும், நாளைக்கு வந்து எடுத்துக்கலாம். என்ன, பயமாத்தான் இருக்கு. இருமல் வந்தாக் கூட உசுரு போயிட்டு வருது. ஆனா என் மக பக்கத்துல நிக்கிறதுக்கு இன்னைக்கு விட்டா எனக்கு வேற நாளு கிடையாது.

இருங்க, போன் அடிக்குது. ஹப்ஸாதான்.

சொல்லுடி... இல்ல, இன்னும் எடுக்கல... கழட்டணுங்கிறாங்கடி, அதான் யோசிக்கிறேன்... ஏய், அழுகாத, கண்ணு மை கலைஞ்சுரும்... எனக்கு ஒண்ணும் ஆகாது... பூவை வேணாம்னு சொல்லுவியா? அறைஞ்சேன்னா பாரு... என்னது?... எதுக்காக நிக்க வேணாம்னு சொன்ன?... திரும்பச் சொல்லு... ம்... ம்... சரி... சரிங்கிறேன்ல. வை.

ஒண்ணுமில்ல தங்கச்சி. கொஞ்சம் இருங்க.

தண்ணி குடுங்க ஒரு வாய். அய்யோ, இது உங்க ஸ்கேன் தண்ணியா? பரவாயில்ல, வேணாம்.

என்ன சொல்றா தெரியுமா? ஊசி எங்கன்னு தெரியாம, நான் வீட்டுக்குத் திரும்பி வராம, தலையில பூ வைக்க விட மாட்டாளாம். வேனு வந்தாலும் திருப்பி அனுப்பிருவாளாம். அப்புறம் சொல்றா, "அம்மா, நீங்க முந்தானை போட்டாலும் சரி, சாக்கைப் போட்டுக்கிட்டு நின்னாலும் சரி, எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் இல்ல. அன்னைக்குப் பேனு, கொறட்டைன்னு எல்லாத்தையும் சொன்னீங்களே, அதுக்காகத்தான் சின்னம்மாவை நிக்கச் சொன்னேன். அவங்க வீட்டுல நான் போயி வாழணும்மா"ன்னு. தேம்பித் தேம்பி அழுகுறா.

நாப்பது நாளு! நாப்பது நாளு இந்தத் துணியோட மல்லுக்கட்டியிருக்கேன் தங்கச்சி! ஒம்பது விசிலு போச்சு, ஆறு பழம் போச்சு. வாயிதானாம்! மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? அவ சொல்றா, சொல்ல வந்தாளாம், நான் பேச விடலையாம்.

நான் அதிகமாவா பேசுறேன்? நீங்க சொல்லுங்க. இவ்வளவு நேரமாப் பக்கத்துல உக்காந்திருக்கீங்களே, நான் ஏதாவது தேவையில்லாம ஒரு வார்த்தை பேசியிருக்கேனா? சரி, சொல்ல வேணாம். உங்க மூஞ்சியிலயே தெரியுது.

மனசு வலிக்குது. பொய் சொல்லக் கூடாது, நல்லாவே வலிக்குது. நான் கலகலப்பா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ரிஸ்வானா! போனை வச்சுட்டு இங்கிட்டு வா. அந்தப் புள்ளையைக் கூப்பிடு. கழட்டுறேன்.

*

வந்துட்டேன். இன்னும் உங்க டாக்டரு வரலையா? பாவம்மா நீங்க. இருங்க, மூச்சு வாங்கிக்கிறேன்.

ஒண்ணும் இல்லையாம்! அல்ஹம்துலில்லாஹ்! நெஞ்சும் சுத்தம், வயிறும் சுத்தம். ஊசி என் உள்ளயே போகல. எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. ரிஸ்வானாதான் ஒவ்வொண்ணா எடுத்தா. ஒவ்வொண்ணா அந்தப் புள்ள கையில வைக்கிறா. எல்லாம் எடுத்துட்டோம்னு நினைச்சா, பிடரிக்குக் கீழ, ரெண்டு மடிப்புக்கு நடுவுல இன்னொண்ணு. கையில துப்புன மூணையும் அப்பவே குத்திட்டேன்ல, எல்லாத்தையும் எண்ணிப் பாத்தாப் பதினொண்ணு. வாயில நாலு பாக்கின்னு நான் நினைச்சது மூணுதான். எப்பவோ குத்திட்டு மறந்துட்டேன். நாப்பது நாளு பழகியும் எண்ணத் தெரியல எனக்கு. இருந்தாலும் டாக்டரு படம் எடுத்தே ஆகணும்னுட்டாரு. எடுத்துப் பாத்துட்டு, "வயித்துல காத்துதாம்மா நிறைய இருக்கு, என்ன சாப்பிட்டீங்க?"ன்னாரு. வாழைப்பழம்னேன்.

போகும்போது அந்த டாக்டரு என்கிட்ட, "மனசுக்குச் சங்கடமா இருந்திருக்கும், ஒத்துழைச்சதுக்கு நன்றிம்மா"ன்னாரு. மறுபடியும் வெக்கம். நானும் பரவாயில்ல சார்னு பெரிய மனுசி மாதிரி தலையாட்டிட்டு வந்தேன்.

இதுவா? இது ரிஸ்வானா கட்டிவிட்டது. அவ தலையில இருந்த காந்தத்துல ஒண்ணை எடுத்து எனக்கு வச்சா. ஒரே சுத்து, ஒரே காந்தம், நாலு நிமிஷம் கூட ஆகல. நல்லா இருக்கா? நான் கண்ணாடியே பாக்கல. அவ பழைய கட்டை அவுக்கறதுக்கு முன்னால என்ன சொன்னா தெரியுமா? "கழுத்து மடிப்பு என் வகுப்புப் புள்ளைங்களுக்கே இப்படி வராதுக்கா"ன்னா. மனசார சொன்னா. அதை ஹப்ஸாகிட்டயும் சொல்லுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

வண்டி எடுக்கப் போயிருக்கா. ஹப்ஸாகிட்டப் பேசிட்டேன். நான்தான் பக்கத்துல நிக்கப் போறேன். அவளே சொல்லிட்டா, நீங்கதான் நிக்கணும்னு. ஒரே ஒரு கண்டிஷன்தான். சலாம் சொல்லணும், நல்லா இருக்கீங்களான்னு கேக்கணும், டீ சாப்பிடுங்கன்னு சொல்லணும். அதுக்கப்புறம் பூ வச்சு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அரை மணி நேரம். நான் சரின்னு சத்தியம் பண்ணிட்டேன். என் புள்ளைக்காக இது கூடவா செய்ய முடியாது?

ஆனா பயமா இருக்கு தங்கச்சி. உண்மையிலேயே பயமா இருக்கு. ஊசி உள்ள இருக்கோன்னு நினைச்சப்ப கூட இம்புட்டுப் பயம் இல்ல. அந்தத் துணியைக் கத்துக்க நாப்பது நாளு ஆச்சு. இதைக் கத்துக்க முக்கால் மணி நேரம்தான் இருக்கு. இதுக்கு வீடியோவும் கிடையாது. அந்தம்மா மாப்பிள்ளையைப் பத்தி ஏதாவது பேச்செடுத்தா? தலைக்கு எண்ணெய் தேய்ச்சாரான்னு தெரிஞ்சுக்கணும்னு எனக்கு இருக்காதா? இல்ல. கேக்க மாட்டேன். கேக்கவே மாட்டேன்.

ஒண்ணு செய்வமா? இப்பவே பழகிப் பாக்குறேன். ரிஸ்வானா வர்ற வரைக்கும் ஒரு அஞ்சு நிமிஷம் பேசாம இருக்கேன். நீங்க மணி பாருங்க. நீங்களும் என்கிட்டப் பேசக் கூடாது, பேச்சுக் குடுத்தா நான் விட மாட்டேன். சரியா? ஆரம்பிச்சுட்டேன்.

……

……

ஏம்மா, இம்புட்டு நேரமாப் பேசிக்கிட்டு இருக்கோமே, உங்க பேரு என்ன?